கித்துல்கலவா, சிங்கராஜவா: கொழும்பிலிருந்து ஒரு மழைக்காட்டு நடை

நான் வளர்ந்தது கொழும்பின் வடக்கே மட்டக்குளியில். களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே ஆறு கலங்கி, அகன்று, களைத்துப்போய் வந்து சேரும். அதே ஆற்றைக் கித்துல்கலவில் முதல் முறை பார்த்த அன்று நெடுநேரம் கரையிலேயே நின்றுவிட்டேன். பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்கும் தண்ணீர், எதிர்க்கரையில் ஆற்றை ஒட்டியே எழும் காடு. அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புவது இந்தத் தண்ணீரைத்தான்.

மழைக்காட்டில், மலை ஆற்றோரமாக நடக்க ஆசைப்படும் கொழும்புக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள்: கித்துல்கல, சிங்கராஜ. எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரவு தங்குவீர்களா?

தங்க முடியாதென்றால் கித்துல்கல. புறக்கோட்டையிலிருந்து அவிசாவளை வழியாக அட்டன் போகும் பஸ்ஸில் விடியற்காலை ஏறினால், வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம்; தூரம் ஏறக்குறைய 90 கிலோமீற்றர். ஆற்றைப் படகில் கடந்தால் மக்கந்தாவ வனம். அந்தச் சில நிமிடப் பயணம் எனக்கு மிகவும் பிடிக்கும். குறுகலான படகு, விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்களில் தண்ணீர் படும், சில்லென்றிருக்கும். பாதி ஆறு தாண்டியதும் பெருந்தெருவின் இரைச்சல் அடங்கி, சில்வண்டுகளின் சத்தம் மேலெழும். கரையேறியதும் பாதை செங்குத்தாகத் தொடங்கிவிடுகிறது. மழை பெய்திருந்தால் வேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம்.

ஆற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேலே லக்சபானப் பக்கத்து மின்நிலையங்கள் விடும் தண்ணீரைப் பொறுத்து இங்கே நீர்மட்டம் ஏறி இறங்கும். வானம் வெளுத்திருக்கிறது என்று நம்பிப் பாறையில் பார்சலைப் பிரித்து உட்காரக் கூடாது. அக்காவின் மகன் கழற்றி வைத்த சப்பாத்து ஒன்று அப்படித்தான் போனது. அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தப் பாறையே தண்ணீருக்குள் இருந்தது.

சிங்கராஜவின் கதை வேறு. இரத்தினபுரி, கலவானை, வெத்தாகல என்று மாறி மாறிப் போய்க் குடாவ நுழைவாயிலை அடைவதற்குள் காலை கழிந்துவிடும். அங்கே நுழைவுச்சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். இத்தனை பாடுபட்டுப் போய் அன்றே திரும்புவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பறவைகளை நன்றாகப் பார்க்கக் காலையே நல்லது. பிற்பகலில் பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை வாங்கும் காடு அது.

ஆனால் ஓர் இரவு தங்கிவிட்டால், கித்துல்கல இதற்கு ஈடாகாது. அரைமணி நேரம் ஒரு குருவிகூட இல்லாத காட்டில் நடப்பீர்கள். திடீரென்று தவிட்டுக்குருவிகளின் கீச்சொலி கேட்கும். பின்னாலேயே இரட்டைவால் குருவிகளும் மற்றவையுமாகப் பல இனங்கள் ஒரே கூட்டமாகத் தலைக்கு மேலே கடந்து போகும். சில நிமிடத்தில் மறுபடி அமைதி. குடாவவின் அகலமான பாதை, 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டி ஏற்றிய லொறிகளின் தடம். எதிர்ப்பு வலுத்து அந்த வெட்டு நின்றது. 1988இல் இது உலக மரபுரிமைத் தலமானது. அந்தத் தடத்தின் இரு பக்கமும் காடு திரும்ப எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. கால் பலம் உள்ளவர்கள் 760 மீற்றர் உயரமான மௌலவெல்ல உச்சிக்கும் ஏறலாம்.

ஆறுதான் முக்கியம் என்பவர்களுக்கு சிங்கராஜவின் தெற்கு வாசலான பிட்டதெனிய உண்டு. ஜின் கங்கையின் அருகிலேயே நடை. தெனியாய வரை போக வேண்டும் என்பதால் முதல் பயணத்துக்கு அதைச் சொல்வதில்லை.

அட்டைக்கு இரண்டு இடமும் பெயர் போனவை, சிங்கராஜவில் கூடுதல். இலை நுனியில் நூல் போல் எழுந்து நின்று, உங்கள் மூச்சுக்காற்று வரும் பக்கம் ஆடும். கடித்ததைப் பிய்த்து எடுக்காமல் விரல் நகத்தால் மெல்ல நெம்பிவிடுங்கள். முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறை இருந்தால் பாதிக் கவலை தீரும். மே, ஜூன் மாதங்களில் இரண்டு பக்கமும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

இரண்டு காடுகளுக்கும் பொதுவாக ஒரு சிறிய செந்நிற ஆந்தை இருக்கிறது. பறவையியலாளர் தீபால் வரகாகொட அதன் குரலை 1995இல் கித்துல்கலக் காட்டில் கேட்டார். எந்தப் பறவை என்று தெரியவில்லை. 2001 ஜனவரியில் சிங்கராஜவில்தான் அதைக் கண்ணால் கண்டார். உலகுக்கே புதிய இனம் அது. அக்காவின் மகனுக்கு இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து அவன் விடுவதாயில்லை. பெப்ரவரியில் குடாவவில் இரண்டு இரவுக்கு அறை சொல்லி வைத்திருக்கிறோம். புதுச் சப்பாத்தும் வாங்கியாகிவிட்டது.