லித்தியம் குளுக்கோனேட் 8% ஜெல்: முகச் செதிலுக்கு எப்படி?

மூக்கோரத்திலும் புருவங்களுக்கு நடுவிலும் தோல் சிவந்து, எண்ணெய்ப் பசையோடு செதில் உதிரும் செபோரிக் டெர்மடைட்டிஸ் எனக்கு வெகுகாலமாக உண்டு. வேலூரின் மார்கழிக் குளிரில் அது இன்னும் கூடும். பிரான்சில் குடியிருக்கும் புதுச்சேரி உறவினர் கொண்டுவந்து கொடுத்த இந்த ஜெல்லை, என் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே தடவத் தொடங்கினேன்.

லித்தியம் என்றதும் மனநல மாத்திரைதான் நினைவுக்கு வரும். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பெயர்பெற்ற அதே தனிமம்தான் இது. ஆனால் இங்கே வேலை வேறு. தோலில் வாழும் மலசீசியா என்னும் ஈஸ்ட், நம் எண்ணெய்ப் பசையிலுள்ள கொழுப்பு அமிலங்களை உண்டு பெருகுகிறது. லித்தியம் உப்பு அந்த இரையைக் குறைத்து அதை அடக்குவதாகக் கருதப்படுகிறது. மாத்திரையாக விழுங்கும் லித்தியம் சிலருக்குச் சோரியாசிஸைக் கிளறிவிடும் என்பதால், அந்நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

காலையும் இரவும் முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்தபின் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஈரத்தோடு தடவினால் சுரீரென்று எரிகிறது. தொடக்கத்தில் உலர்ந்த தோலிலும் சற்று எரியத்தான் செய்தது. முதலில் செதில் குறைந்தது, சிவப்பு வெகு மெதுவாகவே வடிந்தது. ஸ்டீராய்டு களிம்பு இரண்டே இரவில் முகத்தைத் துடைத்துவைத்தாற்போல் ஆக்கிவிடும். ஆனால் நிறுத்தியதும் திரும்பிவரும் சிவப்பையும், தொடர்ந்து தடவினால் மெலிந்துபோகும் தோலையும் எண்ணிப் பார்த்தால், இந்த நிதானத்தை நான் குறையாகக் கொள்ளமாட்டேன். சிகிச்சைக்காலம் 8 வாரம் என்பதைத் தெரிந்துகொண்டு பொறுமையாக இருக்க வேண்டும்.

பெரிய குறை, இங்கே கிடைக்காததுதான். இடா ஸ்கடர் சாலையில் மருந்துக்கடைகளுக்குப் பஞ்சமே இல்லை என்றாலும், நான் விசாரித்த கடைகளில் இந்தப் பெயரே புதிதாக இருந்தது. பிரிட்டனில் விற்பனையில் இருந்த லித்தியம் சக்சினேட் 8%, துத்தநாக சல்பேட் 0.05% கலந்த களிம்பும் இதே நோய்க்கானதுதான்; ஆனால் நம் கத்திரி வெயிலில் களிம்பைப் பூசிக்கொண்டு நடமாட முடியாது, ஜெல்லே தேவலை.

ஆகவே, எளிதில் கிடைக்கும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தான கீட்டோகொனசோல் 2% கிரீமுக்குக் கட்டுப்படும் முகத்துக்கு இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது ஒத்துக்கொள்ளாமல், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளுக்கே திரும்பத் திரும்பப் போகிறவர்கள் தோல் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். கண், உதடு ஓரங்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.