புதுக்கோட்டை பத்தர் பட்டறை: பழைய காசுமாலை வைத்திருப்பவர்களுக்கு

அப்பத்தாவின் காசுமாலை போன தை மாதம் என் கைக்கு வந்தது. 21 காசு, பட்டு நூலில் கோத்தது, நூல் இற்றுப்போயிருந்தது. கூடவே ஒரு கதையும் வந்தது. கொள்ளுத்தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தாராம். 1908இல் கல்யாணத்துக்கு ஊர் திரும்பியபோது இடுப்பில் முடிந்துகொண்டு வந்த பவுன்கள்தானாம் இவை. இந்தக் கதைக்கு ஒரு வாலும் உண்டு. கொள்ளுப்பாட்டி நகை என்றால் எல்லாருக்கும் பொதுதானே, உங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி வந்தது என்று பெரியத்தை வீட்டில் இருபது வருடமாகப் பொடி வைத்துப் பேசுகிறார்கள்.

முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏசி, காபி எல்லாம் உண்டு. ஒரு காசைக் கேரட் மீட்டரில் வைத்தார்கள், 91.5 சதவீதம் காட்டியது. மொத்த எடை 170 கிராம். "21 பவுன் சரியா இருக்கு மேடம், எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கிறீங்களா?" என்று புது டிசைன் தட்டை நீட்டிவிட்டார் அந்தத் தம்பி. எந்தக் காலத்து நகை என்று கேட்டேன். "ஓல்டு கோல்டு மேடம்" என்றார். அது எனக்கே தெரியும்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு அக்கா இந்தப் பட்டறையைச் சொன்னார். கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது. பலகை கிடையாது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொன்னதால் பத்தர் என்றே எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியவர். குமுட்டி, ஊதுகுழல், உரைகல், கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி, ஒரு சின்னத் தராசு, அவ்வளவுதான் கடை. ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன், உட்கார ஒரு முக்காலி. ஆனால் மாலையைக் கையில் வாங்கியவர் எடை போடவில்லை. நூலை அறுத்து, காசுகளைத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். ஆமாம், படித்தார்.

நாம் சவரன் என்று சொல்வது இந்தக் காசின் பெயரைத்தான். இங்கிலாந்து சாவரின். 22 கேரட், 7.98 கிராம், அதைத்தான் எட்டு கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். அந்தக் காலத்தில் ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய். ஒரு பக்கம் ராஜா அல்லது ராணி தலை, மறுபக்கம் குதிரையில் இருந்து பாம்பைக் குத்தும் ஆள். பாம்பு இல்லை, டிராகன் என்று திருத்தப் பார்த்தேன், பத்தர் கண்டுகொள்ளவில்லை. குதிரைக்குக் கீழே வருடம் இருக்கும். வருடத்துக்கு மேலே, தரைக்கோட்டின் நடுவில், கடுகில் பாதி அளவு ஒரு எழுத்து இருந்தால் அது அடித்த ஊர். எழுத்தே இல்லையென்றால் லண்டன். எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த், எஸ் என்றால் சிட்னி. எங்கள் மாலையில் முக்காடு போட்ட விக்டோரியா நான்கு, ஏழாம் எட்வர்ட் ஐந்து, ஐந்தாம் ஜார்ஜ் ஒன்பது. திருமயம் பக்கத்துக் கிராமத்து அலமாரியில் இத்தனை நாளும் ஆஸ்திரேலியா உட்கார்ந்திருக்கிறது!

ஜார்ஜ் காசுகளில் இரண்டில் ஐ என்ற எழுத்து. அது இந்தியா. முதல் உலகப் போர் நேரத்தில் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள், 1918 என்ற ஒரே ஒரு வருடம் போட்டு, கிட்டத்தட்ட 13 லட்சம் காசு. இன்னொன்றில் எஸ்ஏ, 1925. தென்னாப்பிரிக்கா, பிரிட்டோரியா. இங்கேதான் 1908 கதை உடைந்தது. 1918, 1925 காசுகளைப் பிறகு சேர்த்திருக்கலாமே என்று கேட்டேன். நூல் கோக்கக் காசுகளில் பற்றவைத்த வளையங்களைப் பத்தர் காட்டினார். பதினெட்டிலும் ஒரே கம்பி, ஒரே வளைப்பு, பற்றவைத்த இடத்தில் ஒரே மாதிரி செம்பு நிறக் கோடு. "ஒரே கை, ஒரே சமயத்துல ஊதினது தாயி. இருபத்தஞ்சுக்கு முன்னாடி இந்த மாலையே கிடையாது." அப்பத்தாவுக்குக் கல்யாணம் 1938இல். ரங்கூன் விஷயம் என்னாச்சு என்றேன். "எங்க அடிச்சதுன்னு காசு சொல்லும். யார் இடுப்புல வந்துச்சுன்னு சொல்லாது." நியாயம். பர்மா 1937 வரை இந்தியாவோடுதான் இருந்தது, அங்கேயும் இங்கேயும் புழங்கியது இதே காசு.

பதினெட்டுத்தான் கணக்கு வருகிறது என்று கவனித்திருப்பீர்கள். மீதி மூன்றைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். குதிரைக்காரன் கையில் கத்தி இல்லை, வருடம் மழுங்கல், விளிம்பு வரி ஒழுங்கில்லை. தங்கம் நல்ல தங்கம்தான், ஆனால் நம்மூர் அச்சில் அடித்தது. வளையத்தோடு நிறுத்தால் மற்றவை எட்டேகால் கிராமை ஒட்டி வந்தன, இவை ஏழேகால்கூட வரவில்லை. மற்ற வளையங்களின் எடை இந்தக் குறையை மூடிவிட்டதால் 21 பவுன் கணக்கு எப்போதும் சரியாகவே வந்திருக்கிறது. ஷோரூமிலும் அப்படித்தான்.

இந்த மூன்றின் பற்றில் செம்புக் கோடும் இல்லை. பற்றவைக்கும் பழைய காலத்துப் பொடியில் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் இருக்கும், பற்று நிறம் மாறித் தெரியும். பின்னாளில் வந்த கேடியம், அதாவது காட்மியம், பொடியில் பற்று தெரியாது. கே.டி.எம். நகை என்று விளம்பரம் செய்தார்களே, அதுதான். அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று பத்தர் எப்போதோ விட்டுவிட்டார். 1963இல் 14 கேரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் சட்டம் கொண்டுவந்தபோது இவருடைய அப்பா பட்டறையைப் பூட்டிவிட்டு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனாராம். அதைச் சொல்லத் தொடங்கினால் பத்தர் நிறுத்த மாட்டார், மாலை வேலை நிற்கும். நானும் நிறுத்தவில்லை.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். மூன்று காசு வேறு மாதிரி இருக்கிறதாமே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "83ல போர் போட்டாங்கல்ல" என்றார் அம்மா. வறட்சி, கிணறு வற்றிவிட்டது, ஆழ்துளைக் கிணறு போட அப்பத்தா மூன்று காசைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் சித்தப்பா கல்யாணத்தில் நாலு பேர் எண்ணிப் பார்ப்பார்களே என்று குறைந்த எடையில் மூன்று செய்து கோத்துக்கொண்டார். தாத்தாவுக்கே தெரியாதாம். அந்த மூன்றையும் மாற்றி அசல் சாவரின் வாங்கிப் போடட்டுமா என்று பத்தர் கேட்டார். போனில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அதெல்லாம் இருக்கட்டும், அந்தத் தண்ணியத்தான் இன்னும் குடிக்கிறோம்" என்றார்.

சரி, கணக்கு. பார்த்துச் சொன்னதற்கு 300 ரூபாய், புது நூலில் கோத்து இரண்டு வளையத்தை நேராக்கியதற்கு 2,500. இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி ஆறாம் நாள் தந்தார். ரசீது கிடையாது, கார்டு கிடையாது, எழுத்தில் எதுவும் தர மாட்டார். பெரியத்தை வீட்டில் காட்ட ஒரு சான்று கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டார். நகையைக் கொடுத்துவிட்டு வரத் தயங்குபவர்கள் என்னைப்போல ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் போட்டோ எடுத்து, தனித்தனியாக எடை குறித்துக்கொள்ளுங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஐந்துக்கு நான்கு. அந்த நான்கு நாள் தாமதத்துக்கு ஒன்று குறைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பட்டறை கிடையாது. காலை பத்து மணிக்குள் போய்விட்டால் சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். புளி போட்டுத் தேய்த்துவிட்டுக் கொண்டுபோகாதீர்கள், அழுக்கோடுதான் அவருக்கு வேண்டும்.