என்ஜினே சுற்றவில்லை, ஃபியூயல் பம்புக்கு பில் போட்டார்கள்

மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்த கார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. என்ஜின் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை. ஒவ்வொரு டிக்குக்கும் டாஷ்போர்டு விளக்குகள் மங்கி எழுந்தன. கோளாறு எங்கே என்று வண்டியே காட்டிக்கொடுத்த மாதிரிதான். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

வந்த மெக்கானிக் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே எரியுது, பேட்டரி பக்கா சார். நின்னு நின்னு பெட்ரோல் கெட்டு பம்ப் ஜாம் ஆயிருக்கும்" என்றார். பல மாதம் நின்ற பெட்ரோல் தரம் குறையும் என்று நானும் கேள்விப்பட்டிருந்ததால் தலையாட்டிவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு, என்ஜின் சுற்றியும் பிடிக்காத வண்டிக்குத்தான் பொருந்தும். சுற்றவே சுற்றாத வண்டியில் பெட்ரோல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஹெட்லைட் எரிய 10 ஆம்பியர் போதும். என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 100-க்கு மேல் வேண்டும்.

இத்தனைக்கும் சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் 2 விநாடி ஊய்ங் என்று ஒரு சத்தம் கேட்டது. பம்ப் ஓடும் சத்தமே அதுதான். சொன்னேன். "அது ஃபேன் சார்" என்று முடித்துவிட்டார்.

வண்டியை இழுத்துப் போய் மூன்றாம் நாள் ஓட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். பில்லில் புது ஃபியூயல் பம்ப், ஸ்டார்ட்டர் மோட்டார் சர்வீஸ், லேபர். பழைய பம்ப் எங்கே என்றேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்." சரி என்று பணத்தைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மறுபடியும் டிக் டிக் டிக்.

மச்சான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோடு வந்தான். பேட்டரி 11.7 வோல்ட். முழு சார்ஜில் சும்மா இருக்கும் பேட்டரி 12.6 காட்ட வேண்டும்; 12-க்குக் கீழே இறங்கினால் கிட்டத்தட்ட காலி. ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் 12.6 நின்றது. அப்புறமும் அதே டிக்.

அப்போது அவன் செய்ததை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும், இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வைத்து, "இப்ப திருப்பு" என்றான். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. ஸ்டார்ட் செய்யும்போதும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. காட்டியது 4. அத்தனை வோல்ட்டும் அந்த இணைப்பிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. கிளாம்ப்பைக் கழற்றினால் மேலே துளியும் தெரியாத வெள்ளைப் பொடி உள்பக்கம் முழுக்க அப்பியிருந்தது. சமையல் சோடா கலந்த வெந்நீர், ஒரு துண்டு உப்புத்தாள், 15 நிமிடம். ஒரே திருப்பில் பிடித்தது.

அப்படியானால் மெக்கானிக் எப்படி ஸ்டார்ட் செய்தார்? வேறு பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுக்கும் ஜம்ப் வயரின் கருப்பு முனையை என்ஜின் உலோகத்தில் மாட்டினால் கரன்ட் அந்தக் கிளாம்ப் பக்கமே போக வேண்டியதில்லை. வண்டி என் வாசல் வரை வந்து சேர்ந்தால் அவருக்குப் போதும்.

சந்தேகம் வந்து பின்சீட்டைத் தூக்கினோம். என் வண்டியில் பம்ப் மூடி அங்கேதான் இருக்கிறது. ஸ்க்ரூக்களின் பள்ளத்தில் தூசி கெட்டியாக அடைத்திருந்தது. என் மகள் எப்போதோ தொலைத்த ஒரு சிவப்பு கிரேயான், மூடியின் விளிம்புக்குக் குறுக்கே வெயிலில் உருகி இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடந்தது. மூடியைத் திறந்திருந்தால் அது உடைந்திருக்கும்.

படம் எடுத்து அனுப்பினேன். "பையன் மாத்திட்டான்னு நெனச்சேன் சார்" என்று பம்புக்கான பணத்தைத் திருப்பித் தந்தார். லேபரும் இழுவைக் கூலியும் போனது போனதுதான். வேலை ஆரம்பிக்கும் முன்பே "கழற்றும் பார்ட்ஸ் எல்லாம் டிக்கியில் இருக்கணும்" என்று சொல்லியிருந்தால் இதுவும் நடந்திருக்காது.

இப்போது நீண்ட நாள் வெளியே போனால் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி வைத்துவிடுகிறேன். வண்டி தூங்கும்போதும் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு பேட்டரியின் சேமிப்பில் 1.2 ஆம்பியர்-மணி (Ah) கரைகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி 40 நாள்கூடத் தாங்காது.

ஸ்டார்ட்டர் மோட்டாரை சர்வீஸ் செய்ததாகச் சொன்னார்களே, அதை இன்னும் பார்க்கவில்லை. கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறான்.