அப்டேட்டுக்குப் பின் தொலைந்த ஃபைல் பாதைகள்: எந்த வழி மேல்?

ஓஎஸ் அப்டேட் முடிந்ததும் வீடியோ எடிட்டர் "ஃபைல் கிடைக்கவில்லை" என்று புலம்பினால், பெரும்பாலும் ஃபைல் அழிந்திருக்காது, இடம் மாறியிருக்கும். விண்டோஸில் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பு) பேக்கப் இயங்கத் தொடங்கினால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே அதற்குள் போய்விடுகிறது. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் வால்யூமில் யாரும் எழுத முடியாதபடி பூட்டியது. ரூட்டில் (டிஸ்க்கின் மேல்மட்டத்தில்) சொந்த ஃபோல்டர் வைத்திருந்தவர்களின் ஃபைல்கள் 'ரீலொகேட்டட் ஐட்டம்ஸ்' என்ற ஃபோல்டருக்குப் போய்ச் சேர்ந்தன. விண்டோஸில் வெளி டிரைவின் எழுத்து (D, E போன்றது) மட்டும் மாறியிருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தைத் திரும்பக் கொடுங்கள், வேலை முடிந்தது.

மற்றபடி வழிகள் மூன்று. முதலாவது, ஆப்பிலேயே புதிய இடத்தைக் காட்டுவது. ஒரு கிளிப்பைக் காட்டினால் பக்கத்தில் உள்ளவற்றைத் தானே தேடிக்கொள்ளும் எடிட்டர்கள் உண்டு. ஒன்றிரண்டு புராஜெக்ட் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் பிளக்இன், பிரீசெட், டெம்ப்ளேட் என ஒவ்வொன்றும் தனித்தனியே பாதையை நினைவில் வைத்திருக்கும் ஆப்பில் இது தீராத வேலை.

இரண்டாவது, பழைய இடத்தில் ஒரு ஜங்ஷன் போடுவது, அதாவது பழைய பாதையைக் கேட்டாலும் புதிய ஃபோல்டரையே காட்டும் விண்டோஸ் இணைப்பு. கமாண்ட் பிராம்ப்டில் எம்கேலிங்க் கட்டளையை 'ஜே' விருப்பத்தோடு கொடுத்தால் போதும். அட்மின் உரிமைகூடப் பொதுவாகத் தேவைப்படாது. பாதையை மாற்ற செட்டிங்கே இல்லாத பழைய மென்பொருளுக்கு இதுதான் கைகொடுக்கும். இன்னொரு ஆதாயமும் உண்டு. ஒன்டிரைவுக்குள் போனதும் பாதை நீள்கிறது; பல ஆப்கள் இன்னும் 260 எழுத்து வரம்புக்குள்தான் இயங்குகின்றன. எக்ஸ்ப்ளோரரில் கண்ணெதிரே இருக்கும் ஃபைலை ஆப் மட்டும் மறுப்பதற்கு இது ஒரு காரணம். விண்டோஸ் 10-ல் 2016 முதலே இந்த வரம்பைத் தளர்த்த முடியும், ஆனால் ஆப்பும் அதற்கேற்ப எழுதப்பட்டிருக்க வேண்டும். பாதை வரம்பைத் தாண்டிவிட்டால் முதல் வழி பயன்படாது; ஜங்ஷனின் குட்டையான பாதை பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆபத்தும் இதில்தான்: நாளடைவில் மறந்துபோய், "இது நகல்தானே" என்று உள்ளே இருப்பதை அழித்தால் அசலே போய்விடும். நெட்வொர்க் டிரைவுக்கு ஜங்ஷன் செல்லாது. மேக்கில் ஃபைண்டரின் ஏலியாஸை (ஷார்ட்கட்) இதற்கு நம்ப வேண்டாம், டெர்மினலில் சிம்லிங்க்தான் (ஜங்ஷன் போன்ற இணைப்பு) போட வேண்டும்.

மூன்றாவது, ஒன்டிரைவ் பேக்கப்பை நிறுத்தி ஃபோல்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவது. நேரம் பிடிக்கும், கிளவுட் நகலும் போகும். ஆனாலும் பல ஆப்கள் ஒரே ஃபோல்டரை நம்பியிருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். கேட்டலினா விஷயத்தில் மட்டும் பழைய இடம் பூட்டப்பட்டிருப்பதால் இதற்கு இடமில்லை.

மேக்கில் எதைத் தொடங்குமுன்பும் ஆப்பின் அனுமதியைப் பாருங்கள். கேட்டலினா முதல் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றுக்கும் ஆப் கேட்டுத்தான் நுழைய முடியும். அங்கே "வேண்டாம்" என்று அழுத்தியிருந்தால் பாதை சரியாகவே இருக்கும். பிரைவசி செட்டிங்கில் ஒரு டிக் போட்டாலே ஃபைல் திறந்துவிடும்.