21 அடி போட், அதுக்கு ஒரு ட்ரைலர்: ஒன்பது மாசம் அலைஞ்ச அனுபவம்

ரெடிமேட் போட் வாங்குறதா இல்ல ஆர்டர் குடுத்து கட்டுறதான்னு ஒரு வருஷம் வீட்டுல சண்டை (வீட்டம்மா கட்சி ரெண்டுமே வேணாங்கற கட்சி), கடைசில பினாங்குல பிறைங்கற ஊர் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில 21 அடி சென்டர் கன்சோலுக்கு (ஸ்டியரிங் மேடை நடுவுல இருக்கற போட்) டெபாசிட் கட்டிட்டேன். பட்டறை பேரு போடல, இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு, அத முடிச்சு வாங்குற வரைக்கும் எனக்கு தவுக்கேகிட்ட (பட்டறை மொதலாளி) நல்ல பேரு வேணும். ட்ரைலர் கடைக்கும் அதே கதைதான்.

முதல்ல நல்லத சொல்லிடறேன். தவுக்கேக்கு ஹல் (போட்டோட உடம்பு) பத்தி தெரியும், சும்மா தெரியும்னு இல்ல, நல்லாவே தெரியும். எனக்கு வேண்டியது ஒண்ணுதான், விடியகாலைல பினாங்கு தீவுல பத்து மாவுங்ங்கற ஊர்ல எறக்கி பூலாவ் கெண்டிங்கற குட்டித் தீவு பக்கம் சீக்கிரம் போய் சேரணும், காத்து எழும்பிட்டா முதுகு ஒடையாம திரும்பி வரணும். சுமத்ரா காத்து விடியறதுக்கு முன்னாடி வந்து அறையும்போது தட்டை அடி போட்ல உக்காந்து வந்தவங்களுக்கு தெரியும், ஒவ்வொரு அலையும் பல்லு வரைக்கும் வந்து தட்டும். அதனால ஆழமான வி அடி (இங்கிலீஷ் V எழுத்து மாதிரி கூரா எறங்கற அடிப்பக்கம்) வேணும்னு கேட்டேன். ரே ஹன்ட்டுன்னு ஒரு அமெரிக்கர் வரைஞ்ச சங்கதி இது, 1960ல மியாமி-நசாவ் ரேஸ்ல அலை பொரட்டி எடுத்த நாள்ல அந்த மாதிரி அடி உள்ள போட் ஜெயிச்சப்புறம்தான் எல்லாரும் அது பின்னாடி ஓடினாங்க. நான் இதெல்லாம் படிச்சிட்டு போயி பெருசா பேசினேன், தவுக்கே பொறுமையா கேட்டுட்டு மலாய்ல ஒரே வரில முடிச்சிட்டாரு: பின்பக்கம் அந்த வி சரிவ 22 டிகிரி எடுத்தா ஓடும்போது சொகம், நிக்கும்போது ஆடும், கூட வர்றவங்க வாந்தி எடுப்பாங்க, இன்ஜினும் பெருசு வேணும், பரவால்லயா? பரவால்லன்னேன். வாந்தி விஷயத்துல அவரு சொன்னது நெஜம், மச்சான் சாட்சி.

பட்டறையில வேலை பாக்குற நம்ம ஆளு ஒரு அண்ணே இருக்காரு. ஹல் மோல்டுலேருந்து (அச்சு) எடுத்த அன்னிக்கு என்னை ஓரமா கூட்டிட்டு போயி, "தம்பி, கைல 20 சென் காசு இருக்கா, எடு"ன்னாரு. காச வெச்சு அடிப்பக்கம் முழுக்க ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கிட்டே வந்தாரு, டொக்கு டொக்குன்னு கெட்டியா சத்தம், இடதுபக்கம் நடுவுல ஒரு எடத்துல மட்டும் பொத்துன்னு அடங்கிப்போன சத்தம். உள்ளங்கை அளவு இருக்கும். அங்க ரெசின் (ஃபைபர ஒட்டவெக்கற பசை) சரியா ஊறல, ஃபைபர் மேட் அடுக்குக்கு நடுவுல காத்து மாட்டிக்கிச்சு. வெளியிலேருந்து பாத்தா ஜெல்கோட் (வெளிப்பூச்சு) கண்ணாடி மாதிரி மின்னுது, சத்தியமா எனக்கு தெரிஞ்சிருக்காது. தவுக்கேகிட்ட காட்டினோம், மூஞ்ச சுளிக்கல, உள்பக்கம் கிரைண்டர் போட்டு சுரண்டி திரும்ப அடுக்கி குடுத்தாரு, காசு கேக்கல. இந்த ஒரு விஷயத்துக்கே பட்டறைக்கு நல்ல மார்க் போடலாம். ஆனா காசு தட்டிப்பாக்க அந்த அண்ணே இல்லாம இருந்திருந்தா? அதனால நீங்க யாருகிட்ட கட்டினாலும் பெயின்ட் ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டறதுக்கு முன்னாடி போயி தட்டிப் பாருங்க, வெக்கப்படாதீங்க.

டைம் விஷயத்துல ஃபெயில். நாலு மாசம்னாரு, ஒன்பது மாசம் ஆச்சு. ஈரக்காத்து இருந்தா ரெசின் சரியா காயாது, மழை நாள்ல அடுக்கக்கூடாது, அது நியாயம், ஒத்துக்கறேன். ஆனா பெருநாள், ஆளு ஊருக்கு போயிட்டான், சாமான் வரலைன்னு மிச்ச நாலு மாசம் போனது நியாயமே இல்ல. நல்லவேளை காச நாலா பிரிச்சு குடுத்தேன், கடைசி பத்து பர்சென்ட் கடல்ல ஓட்டிப் பாத்தப்புறம்னு எழுதி வாங்கியிருந்தேன், அது இல்லன்னா போட் இன்னும் அங்கதான் கெடக்கும்.

இன்ஜின் யமாஹா எஃப் 150. பட்டறை கூடவே குடுத்த 19 இன்ச் பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேறற தூரம்) ப்ரொப்பெல்லர்ல முழு த்ராட்டில் அமுக்கியும் நிமிஷத்துக்கு 5,200 சுத்துக்கு மேல ஏறல, இந்த இன்ஜினுக்கு 5,000லேருந்து 6,000 வரைக்கும் கணக்கு, அதுவும் நாங்க ரெண்டே பேரு, அரை டேங்க். ஆளும் ஐஸ் பெட்டியும் ஏத்தினா இன்ஜின் மூச்சு வாங்கும்னு சொல்லி 17க்கு மாத்த சொன்னேன், 5,700 வந்துச்சு, ஜிபிஎஸ்ல 35 நாட் இருந்தது 36 ஆச்சு. அந்த ஒரு நாட் வேகத்துக்காக இல்ல, கெளம்பும்போது மூக்க தூக்கிக்கிட்டு நிக்காம சட்டுன்னு தண்ணி மேல ஏறி உக்காருது பாருங்க, அதுக்கு.

இப்ப ட்ரைலர். உண்மைய சொன்னா நான் இத எழுத வந்ததே இதுக்குத்தான், ஏன்னா போட்டுக்கு ஒரு வருஷம் யோசிச்ச நான் ட்ரைலருக்கு ஒரு டீ தாரிக் குடிக்கற நேரம்கூட யோசிக்கல.

தவுக்கே வெயிட் 650 கிலோன்னாரு. நானும் ட்ரைலர் கடைல அதையே சொன்னேன், அவங்க 1,500 கிலோ தாங்கற ஒத்தை ஆக்சல் போதும் பாஸ்னு விலையும் போட்டு குடுத்துட்டாங்க. அந்த 1,500ல ட்ரைலரோட சொந்த வெயிட்டும் அடக்கம்ங்கறது எனக்கு அப்ப தெரியாது, அவங்களும் சொல்லல. கடல்ல ஓட்டிப் பாக்க பட்டறையோட பழைய ட்ரைலர்ல இழுத்துட்டு போகும்போது வழில பழைய இரும்புக் கடை, அங்க லாரி எடை போடற மேடை இருக்கு, பத்து ரிங்கிட் குடுத்து ஏத்தினேன். போட்டை எறக்கிட்டு திரும்பி வரும்போது காலி ட்ரைலரையும் ஏத்தினேன். கழிச்சா 1,290 கிலோ! அந்த 650 என்னன்னா வெறும் ஓடு, கன்சோல் இல்ல, டேங்க் இல்ல, இன்ஜின் இல்ல. இன்ஜின் மட்டுமே 220 கிலோவுக்கு மேல, பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோன்னு வெச்சா 200 லிட்டர் 150 கிலோ, பேட்டரி ரெண்டு, நங்கூரம் சங்கிலி, ஐஸ். எல்லாம் ரொம்பினா 1,400. அன்னிக்கு சாயந்திரமே ஃபோன் போட்டு ஒத்தை ஆக்சல் வேணாம், 2,000 கிலோ தாங்கற ரெட்டை ஆக்சல் குடுங்கன்னு மாத்தினேன், ஓவர்ரன் பிரேக்கோட (வண்டி மெதுவானா ட்ரைலர் முன்னாடி தள்ளற அழுத்தத்துலயே புடிக்கற பிரேக்). விலைய கேட்டு வீட்டம்மா ரெண்டு நாள் பேசல.

பெயின்ட் அடிச்சதா கால்வனைஸா? இதுல யோசனையே வேணாம், உப்புத்தண்ணில முக்கி எடுக்கற சாமானுக்கு பெயின்ட் ஒரு வருஷம் தாங்கினா பெருசு. ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்துல முக்கினது) எடுங்க, ஆனா முக்கி எடுத்தப்புறம் எங்கயாச்சும் வெல்டிங் வெச்சிருக்காங்களான்னு பாருங்க, என்னோடதுல விளக்கு மாட்டற தகடு ரெண்டும் அப்படித்தான் இருந்துச்சு, மூணாவது மாசமே செங்கல் கலர்.

பெரிய கூத்து அடுத்தது. வீட்டுக்கு கொண்டாந்தப்ப பினாங்கு ரெண்டாவது பாலத்துல 70 கிலோமீட்டர் வேகத்துல வரும்போது பின்னாடி வாலாட்ட ஆரம்பிச்சுது. 24 கிலோமீட்டர் பாலம், ரெண்டு பக்கமும் கடல், காத்து வேற, என் டிரைடன் பிக்கப் ஸ்டியரிங்க புடிச்ச கை வெலவெலத்துப் போச்சு. 50க்கு கொறச்சு ஓரத்துலயே உருட்டி வந்து சேர்ந்தேன். மறுநாள் வீட்டு பாத்ரூம் தராச பலகை வெச்சு கப்ளிங் (வண்டில மாட்டற முன்முனை) அடியில குடுத்துப் பாத்தா 45 கிலோ. போட், ட்ரைலர் ரெண்டும் சேந்து 1,850க்கு பக்கம், அதுல அஞ்சு பர்சென்ட்டாவது முன்னாடி அழுத்தணும், பத்துக்கு மேல போகக்கூடாது. 45 எந்த மூலைக்கு? பாரம் பூரா பின்னாடி உக்காந்திருக்கு, வாலாட்டாம என்ன செய்யும்.

குனிஞ்சு பாக்கும்போதுதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. போட் படுக்கற கட்டை பின்பக்கம் ட்ரான்சம் (இன்ஜின் மாட்டற பின்சுவர்) வரைக்கும் வரல, 15 சென்டிமீட்டர் முன்னாடியே நின்னு போச்சு. அந்த 15 சென்டிமீட்டருக்கு மேலதான் மொத்த இன்ஜினும் அந்தரத்துல தொங்குது. இப்படியே மாசக்கணக்குல நிறுத்தி வெச்சா அடிப்பக்கம் அந்த எடத்துல வளைஞ்சு கொக்கி மாதிரி ஆயிடும், அப்புறம் போட் மூக்க கீழ அமுக்கிக்கிட்டு ஓடும், வேகம் போயிரும், 22 டிகிரி, 17 பிட்ச், எல்லாம் வேஸ்ட். வேகமா ஓடற போட்டுக்கு அடி நேரா இருக்கறதுதான் உசுரு.

கடைக்காரர வர வெச்சேன். வந்து பாத்துட்டு தலைய சொறிஞ்சாரு. ரெண்டு கோளாறுக்கும் ஒரே காரணம், வின்ச் கம்பத்த (போட்ட இழுத்துக் கட்டற, மூக்கு வந்து முட்டற கம்பம்) 20 சென்டிமீட்டர் பின்னாடி போல்ட் பண்ணிட்டாங்க. முன்னாடி தள்ளினதும் கப்ளிங்ல 115 கிலோ வந்துச்சு, ட்ரான்சமும் கட்டை மேல வந்து உக்காந்துச்சு. அரை மணி நேர வேலை! அளவு எடுக்க பட்டறைக்கு ஒருதடவ வந்திருந்தா அந்த பாலத்துல எனக்கு அந்த கதி வந்திருக்காது. நானும் கூப்பிடல, தப்பு என் பேர்லயும் இருக்கு. ஹல் மோல்டுலேருந்து வெளிய வந்த வாரமே ட்ரைலர்காரர அங்க கூட்டிட்டு போங்க, அடில ஓடற வரிப்பு எங்கெங்க இருக்கு, கட்டை எந்த இடைவெளில வரணும்னு அவரே டேப் வெச்சு அளக்கட்டும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு, பிளேட்டு யாரு முடிச்சு தர்றதுன்னும் அப்பவே எழுதி வாங்கிடுங்க.

பேரிங் பத்தி ஒரு வார்த்தை. ரோட்டுல ஓடி சூடான ஹப்ப நேரா தண்ணில எறக்கினா சட்டுன்னு குளிர்ந்து உப்புத்தண்ணிய உள்ள உறிஞ்சிக்கும். ஜெட்டில எறக்கறதுக்கு முன்னாடி ஹப்ப தொட்டுப் பாருங்க, கை வெக்க முடியலன்னா ஒரு ரொட்டி சானாய் சாப்ட்டு வாங்க. விளக்கு வயர் பிளக்கையும் கழட்டிடுங்க.

மார்க்: பட்டறை அஞ்சுக்கு மூணரை, டைமுக்கு ஒண்ணரை வெட்டு. ட்ரைலர் கடை மூணு, வந்து சரி பண்ணி குடுத்ததால மூணு, இல்லன்னா ஒண்ணு. பாக்கி வேலைன்னு சொன்னேனே, பெட்ரோல் டேங்க்குக்கு மேல ஒரு மூடி வெட்டி குடுக்கணும், இப்ப ஹோஸ் லீக்கானா தரைய அறுத்துதான் பாக்கணும். அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்கறாரு தவுக்கே. மே மாசத்துலேருந்து அடுத்த வாரம்தான்.