நாயோடு வாக்கிங்: வேக நடையா, மோப்ப நடையா?

நாயை வாக்கிங் அழைத்துப் போவதாகச் சொல்லும் பலர் உண்மையில் தாங்கள்தான் வாக்கிங் போகிறார்கள். நாய் பின்னால் இழுபட்டு வருகிறது. இன்னும் சிலரை நாய் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டிலுமே யாராவது ஒருவர் சலிப்போடுதான் வீடு திரும்புகிறார். இந்த நடை யாருக்காக என்பதை வாசலிலேயே தீர்மானித்துவிட்டால் வழியில் நடக்கும் மல்லுக்கட்டு பெருமளவு குறைந்துவிடும் என்பது என் கட்சி.

முதலில் வேக நடை. எஜமானருக்கு இது நல்ல உடற்பயிற்சி, எடை கூடிய நாய்க்கும் பயன்தான். ஆனால் துள்ளும் நாயைக் களைப்படையச் செய்ய இதுவே போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நடுத்தர உயரமுள்ள நாயின் இயல்பான துள்ளுநடை நம் வேக நடையைவிட வேகமானது. நமக்கு வியர்த்துக் கொட்டும்போது அதற்கு அது ஆமை வேகம். தலையை நிமிர்த்தி, எங்கும் நிற்காமல், நம் காலடியோடு ஒட்டி வருவதில் அதற்கு என்ன சுவாரசியம் இருக்க முடியும்?

மோப்ப நடையில் நிலைமை தலைகீழ். ஒரு கம்பத்தடியில் நிற்கும் நாயைச் சற்று உற்றுப் பாருங்கள். மூக்கு புல்லின் நுனியில் தொடங்கி அடிவரை இறங்கும், திரும்ப ஏறும், ஒரே இலையில் மட்டும் மறுபடி நிற்கும். மூச்சை வெளிவிடும்போது காற்று நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போய்விடுவதால், முகர்ந்துகொண்டிருக்கும் இடத்து வாசனை கலைவதில்லை. மனித மூக்கில் ஏறத்தாழ 50, 60 லட்சம் மோப்ப உணர்விகள் என்றால், நாய்க்கு 10 கோடிக்கும் மேல். சில இனங்களுக்கு 30 கோடி வரை சொல்கிறார்கள். அந்தக் கம்பத்தடி அதற்கு அன்றைய செய்தித்தாள். முதல் பக்கத்தில் இருக்கும்போதே நாம் பிடுங்கிவிடுகிறோம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2019இல் சார்லொட் துரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் வீட்டு நாய்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மோப்பப் பயிற்சி (ஒளித்து வைத்ததை முகர்ந்து கண்டுபிடிப்பது), மற்றதற்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. இரண்டு வாரம் கழித்து, தீனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது, மோப்பக் குழு நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. நம்பிக்கையான மனநிலை என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். மோப்பப் பயிற்சியும் தெருவில் முகர்வதும் ஒன்றல்ல என்றாலும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது புரிகிறது.

என் தீர்ப்பு: போகும்போது மோப்பம், திரும்பும்போது வேகம். புறப்படும்போது நாய்க்குச் சிறுநீர் கழிக்கவும் முகரவும் அவசரம். அப்போது வேகத்தைத் திணித்தால் இழுபறிதான். திரும்பும் வழியில் பழைய வாசனைகளைப் பெரும்பாலும் பார்த்து முடித்திருக்கும். ‘போகலாம்’ என்ற ஒரே சொல்லைத் தினமும் அதே இடத்தில் சொல்லிப் பழக்கினால் ஆட்டம் மாறிவிட்டது என்று அதுவே புரிந்துகொள்ளும்.

அடுத்தது கழுத்துப் பட்டையா, மார்புப் பட்டையா. இழுக்கும் நாய் என்றால் மார்புப் பட்டைதான், இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. 2020இல் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தினர் செயற்கைக் கழுத்து மாதிரியில் பலவகைக் கழுத்துப் பட்டைகளை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். காயம் ஏற்படும் அபாயமில்லாத அளவுக்கு அழுத்தம் குறைந்த பட்டை ஒன்றுகூடத் தேறவில்லை. கழுத்துப் பட்டையோடு இழுக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதும், மார்புப் பட்டையில் அப்படி உயராததும் 2006ஆம் ஆண்டு ஆய்வொன்றில் பதிவாகியிருக்கின்றன. தட்டை மூக்கு நாய்களுக்கும், மூச்சுக்குழாய் பலவீனமான சிறிய நாய்களுக்கும் இது சின்ன விஷயமல்ல.

அதற்காக மார்புப் பட்டை குறையற்றது என்று சொல்ல மாட்டேன். கொக்கி முதுகில் இருந்தால் நாய் இன்னும் வசதியாக இழுக்கும். பனிச்சறுக்கு வண்டி நாய்களுக்கு மாட்டுவதும் மார்புப் பட்டையைத்தானே! இழுக்கும் பழக்கம் இருந்தால் நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ளதை வாங்குங்கள். நடக்கும்போது தோள் விரிவதை மார்புப் பட்டை ஓரளவு தடுக்கிறது என்றும் ஆய்வு உண்டு. எனவே வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். பட்டைக்கும் உடலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அக்குளில் முடி உதிர்ந்திருந்தால் அளவு தவறு, மாற்றுங்கள். பெயர் வில்லை தொங்கக் கழுத்துப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

கயிற்றில், பிடிக்குள் தானாகச் சுருண்டுகொள்ளும் ரகம் எனக்குப் பிடிப்பதில்லை. எப்போதும் லேசான இழுவிசை இருப்பதால், இழுத்தால் நீளம் கிடைக்கும் என்பதைத்தான் நாய் கற்றுக்கொள்கிறது. மெல்லிய கயிறு விரலில் சுற்றினால் வெட்டிவிடும். தெருவுக்கு 2 மீட்டர் சாதாரணக் கயிறு. திறந்த வெளிக்கு 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு, அதுவும் மார்புப் பட்டையில் மட்டும். ஓடிவந்து நுனியில் வெட்டி நிற்கும் அதிர்ச்சி கழுத்துக்குப் போகக் கூடாது.

பழகிய வழியா, புது வழியா? பயந்த நாய்க்குப் பழகியது, மற்றதற்கு அவ்வப்போது புதியது. வெயில் காலத்தில் வழியைவிட நேரம்தான் முக்கியம்: தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது.

எதிரே வேறு நாய் வந்தால் சந்திக்க விடுவதா, விலகிப் போவதா என்பதில் நான் விலகும் கட்சி. இறுகிய கயிற்றோடு நேருக்கு நேர் நிற்கும் நாய்கள் வளைந்து வந்து முகரும் தங்கள் இயல்பான மரியாதையைக் காட்ட முடியாது. உறுமல் அங்கேதான் தொடங்குகிறது. இரு பக்கமும் கயிறு தொய்வாக இருந்து, எதிரில் உள்ளவரும் சம்மதித்தால் சில விநாடி முகரட்டும். பிறகு நீங்கள் முதலில் நகருங்கள்.