வயோஸ் எஞ்சின் நல்லதுதான், ஆனாலும் வாங்காதீர்கள்

"அண்ணே, பழைய டொயோட்டா வயோஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கு. பெட்ரோல் ரொம்பக் குடிக்குமா?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டார். என் வண்டியும் வயோஸ்தான், 2010ல் பதிவானது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை (சிஓஇ) புதுப்பித்து இன்னும் ஓட்டுகிறேன்.

தீவு விரைவுச்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வரை கொடுக்கும். நொவீனா, தோ பாயோ பக்கம் ஏர்கான் போட்டு ஊர்ந்தால் பத்து, பதினொன்றுதான்.

எனக்குப் பிடித்ததே அந்த எஞ்சினின் பிறப்புதான். டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்இ, 1497 சிசி, நான்கு சிலிண்டர். இதன் உடன்பிறப்பான 1என்இசட்-எஃப்எக்ஸ்இ 1997லேயே, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரான முதல் பிரியஸில் வந்துவிட்டது. சிலிண்டரின் விட்டமும் (போர்) அதில் பிஸ்டன் நகரும் தூரமும் (ஸ்ட்ரோக்) இரண்டுக்கும் ஒன்றுதான். பிரியஸில், பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் திரும்பிப் போய்விடும். அழுத்தப்படுவது குறைவு, விரிவது அதிகம். அதே பெட்ரோலில் கூடுதல் வேலை நடக்கும். இழுவை குறையும், அதை மின்மோட்டார் ஈடுகட்டும். வயோஸில் மோட்டார் இல்லை, அதனால் அந்த வித்தைக்கு இடமில்லை. சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நகருக்குள் பெட்ரோல் போவது அங்கேதான்.

போன மாதம் ஒரு வொர்க்‌ஷாப்பில், "டைமிங் பெல்ட் மாற்றணும்" என்று சில நூறு வெள்ளி கேட்டார்கள். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்க இந்த எஞ்சினில் பெல்ட்டே கிடையாது, செயின்! சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விவரம் தெரியாத ஒரு பெரியவர் அங்கே போயிருந்தால் பணத்தைக் கொடுத்திருப்பார். நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, தம்பியிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். பத்து ஆண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரி 10 விழுக்காடு கூடும். ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 14 ஆண்டுக்கு மேல் 50 விழுக்காடு. நான் இப்போது அதைத்தான் கட்டுகிறேன். எஞ்சின் நன்றாக இருப்பதற்கு அங்கே எந்தச் சலுகையும் இல்லை. தினமும் நகருக்குள் ஓட்டுபவர் ஹைப்ரிட் பார்ப்பதே நல்லது. என் வண்டியை மட்டும் நான் விற்கமாட்டேன்.

இல்லை, வயோஸ்தான் வேண்டும் என்றால், சிஓஇ ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததா பத்தாண்டுக்கா என்று முதலில் கேளுங்கள். ஐந்தாண்டு என்றால் மறுபடி புதுப்பிக்க முடியாது.